எந்த முகம் உள்ளே போனது

ஞாயிற்றுக்கிழமை காலை, செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. காப்பிக் கோப்பை எட்ட இருந்தது. கூரையில் கசிவு இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் எழுத்துகள் பருத்துத் தெரிந்தன. பிறகு காகிதம் அதை உறிஞ்சிக்கொண்டது. துரை அண்ணாந்து பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. வீட்டில் எது நடந்தாலும் அதற்கு ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. “தண்ணியத் தெளிச்சிட்டுப் போகாதன்னு எத்தன தடவ சொல்றது?” என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். “நான் அந்தப் பக்கம் வரவே இல்லையே. உங்களுக்குத்தான் மூக்கு ஒழுகுது, துடைங்க.”

“எனக்கா?”

“பின்ன எனக்கா?”

“உனக்குக் கண்ணு போச்சு. மொதல்ல கண்ணாடிய மாத்து.”

அவள் உள்ளே போனதும் துரை புறங்கையால் மூக்கடியைத் தொட்டார். ஈரம். இடது பக்கம் மட்டும். சளி என்றால் பிசுபிசுக்கும். இது சும்மா தண்ணீராக இருந்தது.

துரை என்பது அவருடைய பெயர் அல்ல. ஆஸ்பத்திரியில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது எப்படியோ அவர் காதுக்கும் போயிற்று. ஏதோ மரியாதையில்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவர் உச்சி குளிர்ந்துபோனது தனிக் கூத்து. மண்டையைத் திறக்காமல், மூக்குத் துவாரம் வழியாகக் கேமரா வைத்த ஸ்கோப்பை விட்டு, மூளைக்கு அடியில் இருக்கும் கட்டியைச் சுரண்டி எடுப்பது அவர் தொழில். கை அப்படியொரு கை, அதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் கை போயும் போயும் இந்த மனுஷனிடம் மாட்டிக்கொண்டதே என்பதுதான் எல்லோருக்கும் வருத்தம்.

கட்டி போன பிறகு மூளைக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பில் ஓர் ஓட்டை நிற்கும். அதை அடைக்காவிட்டால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே சொட்டும். அது இறங்கும் வழியிலேயே கிருமி மேலே ஏறும். தொடையில் எடுத்த கொழுப்பை ஓட்டையில் திணித்து, மூக்கின் நடுச்சுவரிலிருந்து, ரத்தம் ஓடும் காம்போடு உரித்த சவ்வை அதன்மேல் போர்த்தி, பசை போட்டு மூட வேண்டும். அது மூக்கு டாக்டரின் வேலை. மெல்லப் பேசுகிற, துரையைவிடப் பத்து வயது சின்ன ஆள். துரைக்கு அந்த வேலையும் இளக்காரம், அந்த ஆளும் இளக்காரம். “நான் வீட்டையே கட்டிக் குடுத்துட்டேன். நீ வந்து சுண்ணாம்பு அடிய்யா” என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வார்.

அந்தச் சவ்வுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று வழவழப்பானது, எப்போதும் ஈரம் சுரப்பது. அது கீழே மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். மற்றது உரித்த பச்சை முகம். அது மேலே எலும்பைப் பார்த்து இருந்தால்தான் ஒட்டும். மாறிப்போனால் ஒட்டாது. அது மட்டுமா, மூக்கின் தோல் மூளையைப் பார்த்தபடி உள்ளே உயிரோடு கிடக்கும், சுரந்துகொண்டும், மூக்கு செய்கிற எல்லாவற்றையும் செய்துகொண்டும்.

அதனால் அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வழக்கம். மூடி முடித்ததும் பெரிய சிஸ்டர், “மூச்சு புடிங்க” என்பாள். மயக்க டாக்டர் நோயாளியின் மூச்சை உள்ளேயே அழுத்திப் பிடிப்பார். தலைக்குள் அழுத்தம் ஏறும். சவ்வின் விளிம்பில் எங்காவது ஒரு மினுக்கம் தெரிகிறதா என்று எல்லோரும் திரையைப் பார்க்க, சிஸ்டர் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவாள். அவள் பத்து சொல்லும்வரை அந்த அறையில் ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக ஒட்டிக்கொண்ட பழக்கம். துரையும் பிடிப்பார், பிடிக்காத மாதிரி பாவனை செய்துகொண்டு.

பதினோரு வருடம் அவர் கையில் கருவிகளை எடுத்துக் கொடுத்தவள் பெரிய சிஸ்டர். கடைசி இரண்டு வருடமாக அவளுக்குத் தலைவலி. நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் தியேட்டருக்குள் வருவாள். “சிஸ்டருக்கு வேலைன்னு சொன்னாலே தலைவலி. மருந்துக்கடையே நடந்து வருது பாரு” என்று துரை சிரிப்பார், அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரித்தாக வேண்டும். ஒருநாள் ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாமல் அவள் விழித்தபோது மூக்கு டாக்டர்தான் ஸ்கேன் எடுக்க அனுப்பினார். தலைக்குள் பாக்கு அளவுக்குக் கட்டி, கண் நரம்பை அழுத்திக்கொண்டு. துரை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு மணி நேர வேலை” என்றார்.

கட்டியை எடுத்தது ஒரு மணி நேர வேலைதான். சுத்தமாக எடுத்தார். மூக்கு டாக்டர் முன்பே சவ்வை உரித்துத் தொண்டைப் பக்கமாகச் செருகி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, மூச்சுக்குழாயில் விதை சிக்கிய குழந்தை ஒன்று கீழே அவசரப் பிரிவுக்கு வந்துவிட்டது.

“பத்து நிமிஷம் சார். நானே வந்து வைக்கறேன். தயவுசெஞ்சு தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

தொடாதீங்க என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா? முகமூடிக்குள் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு துரை நான்கு நிமிடம் பொறுத்தார். ஆபரேஷன் நேரத்தில் வாயில் கிராம்பு இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. அந்த வாடை முகமூடியைத் தாண்டி அறை முழுக்கச் சுற்றும். “சுண்ணாம்பு அடிக்க மேஸ்திரி வரணுமா?” என்றார். இடுக்கியால் சவ்வை இழுத்தார், போர்த்தினார், பசை போட்டார், துணித்திரியைத் திணித்தார்.

மூச்சு புடிங்க என்று யாரும் சொல்லவில்லை. சொல்கிறவள் வாயில் குழாயோடு மேசைமேல் கிடந்தாள். மயக்க டாக்டர் மட்டும், “பாத்துடலாமா சார்?” என்று இழுத்தார்.

“நான் வெச்சத நீ பாக்கப் போறியா?”

அவ்வளவுதான். கதை முடிந்தது.

நான்காம் நாள், திரியை எடுத்த பிறகு, சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தபடி, “குனிஞ்சா தண்ணியா ஒழுகுது சார். உப்புக் கரிக்குது” என்றாள். ஆயிரம் பேருக்கு அந்த அடையாளத்தைப் பார்த்தவள் அவள்; என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள். துரை ஒரு பார்வை பார்த்தார். “சளி. டாக்டர் நீங்களா, நானா?” அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

எட்டாம் நாள் போன் செய்தாள். “ஒரு வாடை வருது சார்.”

“மூக்குல புண்ணு இருந்தா வாடை வராம?”

“வெளியிலேருந்து வரல சார். மூக்க அடைச்சுக்கிட்டாலும் வருது. உள்ளேருந்து.” மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. “கிராம்பு வாடை சார். உங்களுது.”

துரை போனை வைத்துவிட்டார். அன்று மதியம் தன் அறையைச் சாத்திக்கொண்டு ஆபரேஷன் பதிவை ஓட்டிப் பார்த்தார். இடுக்கி சவ்வைப் பிடிக்கிறது. தொண்டைப் பக்கமிருந்து இழுக்கிறது. வாளியிலிருந்து ஈரத்துணியை இழுத்தால் முறுக்கிக்கொள்ளுமே, அதுபோல் அது பாதி சுற்றுச் சுற்றுகிறது. ரத்தத்தில் இரண்டு முகமும் ஒரே சிவப்பு. ஆனால் மேலே போகும்போது, ஒரு கணம், விளக்கொளியில் பளபளத்த முகம் தெரிகிறது. பளபளத்த முகம் மேலே போகிறது. நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். நான்கு முறையும் அப்படியேதான் போயிற்று.

ஒரு வார்த்தை போதும். ‘திருப்பி வெச்சிட்டேன்’ என்று மூக்கு டாக்டரிடம் சொன்னால், முக்கால் மணி நேரத்தில் பிரித்து, திருப்பி, மூடி, அவளைப் பிழைக்க வைத்துவிடுவார். ஆனால் யாரிடம் சொல்வது? சுண்ணாம்பு அடிக்கிறவனிடமா? துரை பதிவை அழித்தார். அழிக்கும்போது கை நடுங்கவில்லை. அப்படியொரு கை.

இன்று பதினோராம் நாள். செய்தித்தாளில் சொட்டு விழுந்து ஒரு மணி நேரம் கழித்து மூக்கு டாக்டர் அழைத்தார்.

“சார், பெரிய சிஸ்டரக் கொண்டு வந்திருக்காங்க. காய்ச்சல் கொதிக்குது, கழுத்து வளையல, ஆளு அடையாளம் தெரியல. தியேட்டருக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“போ. எங்கிட்ட எதுக்குக் கேக்கற?”

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சவ்வு எந்த முகம் உள்ள போச்சு?”

“சரியாத்தான் வெச்சேன்.”

“சார், யோசிச்சுச் சொல்லுங்க. பதினோரு நாள்ல ரெண்டு முகமும் ஒண்ணாத்தான் தெரியும், பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. சரியா வெச்சிருந்தா நான் அதத் தொடவே கூடாது; தொட்டா இருக்கறதும் போயிடும். மாறியிருந்தா பிரிச்சே ஆகணும். தப்பா முடிவெடுத்தா அவங்க அங்கயே போயிடுவாங்க. ரெக்கார்டிங்கத் தேடினேன், காணோம்.”

“காணோம்னா என்னய்யா பண்ணச் சொல்ற? எனக்கே பாடம் எடுக்கறியா?”

“கெஞ்சிக் கேக்கறேன் சார்.”

துரை வைத்துவிட்டார். வைத்த போனின் கண்ணாடிமேல் ஒரு சொட்டு விழுந்தது.

மனைவியிடம் சொல்லாமல் காரை எடுத்தார். எதற்கு என்று கேட்டால் சிஸ்டரைப் பார்க்க என்று சொல்லியிருப்பார்; பொய். தன் மூக்கைப் பார்க்க வேண்டும், யார் கண்ணிலும் படாமல். சிக்னலில் கைக்குட்டை நழுவ, எடுக்கக் குனிந்தார். மூன்று சொட்டு ஸ்டியரிங்கில் விழுந்தது. நான்காவது உதட்டில் இறங்கியது. நாக்கு அவரைக் கேட்காமலே அதைத் தொட்டது.

உப்பு.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. தலைவலித் தைலம். காரில் அப்படி எதுவும் இல்லை, கைக்குட்டையில் இல்லை, கண்ணாடிகளை இறக்கிவிட்டார், வெயிலும் புகையும் உள்ளே வந்தன, தைலம் போகவில்லை. இரு விரலால் மூக்கை அழுத்தி மூடினார். இருந்தது. மூச்சை நிறுத்தினார். அப்போதும், கண்களுக்குப் பின்னால், புருவத்துக்கு உள்ளே எங்கோ, நெற்றிப்பொட்டில் சற்றுமுன் தேய்த்த மாதிரி காரமாக, புதிதாக. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒலிப்பானை அழுத்தத் தொடங்கிய பிறகுதான் பச்சை விழுந்தது அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வெளிநோயாளிகள் பிரிவு காலியாகக் கிடந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள், இறக்கி மூடிய மருந்துக்கடைக் கதவு, யாரோ கழுவிவிட்டுப் போன தரையில் வெளிச்சம், மாடியில் எங்கோ ஒரு டிராலியின் சக்கரம் கீச்சிடும் சத்தம். அந்த மாடியில்தான் தியேட்டர். துரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் அறைக்குள் போய்த் தாழ்போட்டார். ஸ்கோப்பை எடுத்தார், திரையைப் போட்டார், மரத்துப்போகும் மருந்தை இடது துவாரத்தில் அடித்துக்கொண்டார். தன் மூக்கைத் தானே பார்க்கிற கேவலம் வேறு யாருக்கு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பியை உள்ளே விட்டார்.

திரையில் முடிகள். பிறகு இளஞ்சிவப்பு. தினமும் பார்க்கிற வீதிதான், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவார். மெல்ல நகர்த்தினார். இடப்பக்கம் மூக்கின் நடுச்சுவர் வந்தது.

உரித்திருந்தது.

நீள்சதுரமாக, அளவெடுத்து, சுத்தமாக உரித்திருந்தது. ஓரங்களில் பதினோரு நாள் பொருக்கு. துரையின் மூக்கில் இன்றுவரை யாரும் கத்தி வைத்ததில்லை. ஒரு பல்கூடப் பிடுங்கியதில்லை. கேமராவில் கோளாறு, பழைய பதிவு ஏதோ ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு ஸ்கோப்பை லேசாக அசைத்தார். படம் அசைந்தது. மூக்கு வலித்தது.

மேலே ஏற்றினார். ஏற்றாமல் இருந்திருக்கலாம். ஏறியது.

கூரையில் சவ்வு. போர்த்தி ஒட்டிய சவ்வு. அவர் நாடி அடிக்கும்போதெல்லாம் உப்பி, அடங்கி, உப்பி. விளிம்பில் ஒரு மினுக்கம் கூடிக்கூடிச் சொட்டாகி விழுந்தது. தாடையில் ஈரம் ஓடியது.

மேசைமேல் போன் அடித்தது. ஒரு கையால் ஸ்கோப்பைப் பிடித்தபடி மறுகையால் அழுத்தினார். மூக்கு டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அதற்குப் பின்னால் இதயத்துடிப்புக் கருவியின் சத்தம், வேகமாக.

“சார், உள்ள போயிட்டேன். விளிம்பு தெரியுது. அவங்க ரொம்ப நேரம் தாங்க மாட்டாங்க. பிரிக்கவா, வேணாமா? எந்த முகம் சார்?”

பயம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் துரைக்குப் பயம், அப்பட்டமான பயம். சொல்லிவிட வேண்டும். மாறிப்போச்சு, பிரி, திருப்பு. மூன்றே வார்த்தை. சொன்னால் அவள் பிழைப்பாள், இதுவும் நிற்கும், இந்தத் திரையில் தெரிவதும் இல்லாமல் போகும். வாயைத் திறந்தார்.

“மூச்சு புடிங்க.”

போனிலிருந்து இல்லை. அறையிலிருந்து இல்லை. தைலம் வருகிற அதே இடத்திலிருந்து, மெல்ல, பதினோரு வருடம் கேட்ட குரல்.

துரையின் மூச்சு நின்றது. அவர் நிறுத்தவில்லை. பழக்கம் நிறுத்திக்கொண்டது.

“ஒண்ணு.”

“சார்? கேக்குதா?” என்றார் மூக்கு டாக்டர்.

“ரெண்டு. மூணு.”

காற்றாடியின் சத்தம் இல்லை. குளிர்சாதனத்தின் சத்தம் இல்லை. கட்டிடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. துரை தொண்டையை அசைக்கப் பார்த்தார். அசையவில்லை.

“நாலு. அஞ்சு.”

சவ்வு உப்பியது. அடங்கவில்லை. உப்பியபடி நின்றது.

“சார், சொல்லுங்க சார்! மாறியிருக்கா?”

ஆமாம். ஆமாம். தலையை ஆட்டினார். தலை ஆடியது போனுக்கு எப்படித் தெரியும்?

“ஆறு.”

விளிம்பு தூக்கியது. வெளியிலிருந்து யாரும் தொடவில்லை. உள்ளேயிருந்து. இருட்டு. இருட்டுக்குள் எஃகு. வளைந்த, மெல்லிய, இரண்டு நுனிகள். அவர் கையில் அவள் எத்தனையோ தடவை வைத்த இடுக்கி.

“ஏழு.” குரல் அவசரப்படவில்லை. “பயப்படாதீங்க சார். சுண்ணாம்பு அடிக்கற வேலைதானே.”

நுனிகள் விரிந்தன. விளிம்பைத் தேடின. பிடித்தன.

“எட்டு.”

“சார்! சார்!”

போனில் கருவியின் சத்தம் நீண்டது. விட்டுவிட்டு அடித்துவந்த ஒலி ஒரே கோடாகிவிட்டது. யாரோ ஓடினார்கள். ஏதோ தட்டு விழுந்தது. மூக்கு டாக்டர் எதையோ கத்தினார், இவரிடம் அல்ல.

“ஒம்போது.”

இடுக்கி சவ்வைத் திருப்பத் தொடங்கியது. மெல்ல. பொறுமையாக. ஒரு மடிப்பு விழாமல். பளபளத்த முகம் மேலே போய்க்கொண்டிருந்தது.

துரை பத்துக்காகக் காத்திருந்தார். போன் அடங்கிவிட்டது. தாடையிலிருந்து சொட்டிய நீர் சட்டையை நனைத்து மேசையை நனைத்தது. கண் பிதுங்க, முகம் கறுக்க, வாயைத் திறந்தபடி, மூச்சைப் பிடித்தபடி, திரையையே பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார். எண்ணுகிறவள் எண்ணவில்லை. திரையில் அந்த இரண்டு நுனிகள் மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தன.